எலும்பில்லாத தாழி

கூட்டத்தோடு ஊர் பார்க்கப் போவது எனக்கு ஆகாது. போனால் யாராவது ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "உங்க வூட்டுக்காரரப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று குரலை இறக்கிக் கேட்பாள். தெரிந்திருந்தால் நான் ஏன் உன் பக்கத்தில் உட்கார்ந்து புளிசாதம் தின்கிறேன் என்று கேட்கத் தோன்றும். கேட்கவும் செய்திருக்கிறேன். அதனால், சதுரங்கப்பட்டினம் பக்கம் மண்ணுக்குள் புதைந்த பழைய ஊர் ஒன்றை விவரம் தெரிந்த ஒருவரோடு நடந்து பார்க்கப் போகிறோம், அப்படியே மகாபலிபுரம், என்று எங்கள் ஆபீஸ் கிளப்பின் போர்டில் எழுதிப் போட்டபோது நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். ஒரு வக்கீல் வீட்டு மாடியில் ஒற்றை அறை. நாள் முழுக்கக் காதில் ஊர்ப் பேச்சு. அறைக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் பால்காரர் வரும்வரை வாயே திறந்திருக்க மாட்டேன். ஒருமுறை அவர் கதவைத் தட்டியதும் "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் பாவம், கொஞ்சம் யோசித்துவிட்டு, "அரை லிட்டர்மா" என்றார்.

என் கணவர், கல்யாணமான இரண்டாவது வருஷத்தில் ஒரு நாள், மெட்ராசில் வேலை விஷயமாக ஒருத்தரைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று ரயிலேறினார். வரவில்லை. சண்டையில்லை, கடனில்லை, ஒரு வார்த்தை முன்னே பின்னே இல்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, சொந்தக்காரர் வீடு, சோசியக்காரர் என்று எல்லா இடமும் பார்த்தாயிற்று. அதன் பிறகுதான் பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தேன். வேலைக்கு வந்ததற்கு வயிற்றுப்பாடு மட்டும் காரணமில்லை. எங்கேயோ ஓர் ஊரிலிருந்து ஒரு நாள் அவர் செங்கல்பட்டுக்கு டிரங்க் கால் போட்டால், முதலில் கேட்பது நானாக இருக்க வேண்டும் என்ற பைத்தியம்.

எங்கள் பக்கத்தில் காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் பார்ப்பார்கள். அதற்குள் வரவில்லையென்றால் தர்ப்பைப் புல்லில் ஓர் ஆள் உருவம் செய்து, அதை எரித்து, கருமாதி பண்ணிவிடுவார்கள். ஆனால் பெண்டாட்டி ஒத்துக்கொள்ளாமல் செய்ய மாட்டார்கள். அன்றைக்குத் தாலி கழற்ற வேண்டியவள் அவள்தானே. கிளப் போர்டில் எழுதிப் போட்ட அந்த வருஷத்தோடு பன்னிரண்டும் முடிந்துவிட்டது.

பன்னிரண்டு முடியும்வரை சொந்தக்காரர்களுக்குப் பொறுமையில்லை. என்னிடம் சம்மதம் கேட்கும் வேலை என் கொழுந்தனுடையது. கணவருக்கு ஒரே தம்பி. மதுராந்தகத்தில் நெல் மண்டி ஒன்றில் வேலை. ஒவ்வொரு வருஷமும் ஆடி அமாவாசைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவான். பையில் ஏதாவது கொண்டுவந்திருப்பான். காபி குடிப்பான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணி, ஐயரு கேக்கறாரு. அப்பாவுக்குக் குடுக்கறப்ப அண்ணனுக்கும் சேத்துக் குடுத்துடறதா?" என்பான். நான் ஆரம்பித்துவிடுவேன். உனக்கு வெட்கமாயில்லையா, கூடப்பிறந்தவனுக்கு எள்ளும் தண்ணியும் விட இத்தனை அவசரமா, அவர் வருவார், எழுந்து போ. அவன் தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவான். அவனை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு அந்தக் கேள்வியைத் தவிர வேறு காரணம் கிடையாது. முந்தின வருஷம் மாமியாரும் போய்விட்டார். போகும்போது, பெரியவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். சொந்தபந்தம் மொத்தமும் அவன் கழுத்தில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும்.

கிளப் ஊர் பார்க்கப் போவதாக இருந்த வாரம், வெள்ளிக்கிழமை மண்டி போனிலிருந்து கூப்பிட்டான். லைன் நேராக என் போர்டுக்கே வந்தது. "அண்ணி, ஞாயித்துக்கெழம வரேன். இந்த வாட்டி முடிவாப் பேசிடலாம்." நான் பதில் சொல்லாமல் வயரைப் பிடுங்கினேன். நேரே கிளப் செக்ரட்டரியிடம் போய், வேனில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். புதைந்த ஊராவது புதையாத ஊராவது, ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் நான் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

விடிந்தும் விடியாமல் ஆபீஸ் வாசலில் வேன் நின்றது. ஏறப்போகிறேன், கையில் மஞ்சள் பையோடு எதிரே வருகிறான். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறான், பாவி.

"எங்க அண்ணி கெளம்பிட்டீங்க?"

"ஊர் பாக்க."

"நான் வரேன்னு சொன்னேனே."

"சொன்ன. நான் இருக்கேன்னு சொன்னேனா?"

அதோடு முடிந்திருக்கும். செக்ரட்டரிக்கு எதிலும் மூக்கை நுழைக்காவிட்டால் தூக்கம் வராது. "யாரு மேடம், உங்க கொழுந்தனாரா? வாங்க சார், உக்காருங்க, எடம் கீது, ஒர்த்தர் வரல" என்று அவனை டிரைவர் பக்கத்தில் ஏற்றிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் நடந்தே வீட்டுக்குப் போயிருப்பேன். வீட்டுக்குப் போனால் அவனும் பின்னால் வருவான் என்பதால் ஏறி உட்கார்ந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே போனேன். அண்ணனுக்கும் தம்பிக்கும் காது ஒரே அச்சு. அதைப் பார்க்கக் கூடாது என்று வெளியே திரும்பிக்கொண்டேன்.

சதுரங்கப்பட்டினத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு சவுக்குத் தோப்பு ஓரமாக வேன் நின்றது. அங்கிருந்து நடை. எங்களைக் கூட்டிப்போக வந்தவர் மியூசியத்தில் வேலை பார்ப்பவர். ஐம்பதை ஒட்டிய வயது, கழுத்தில் மப்ளர். ஆடி மாசத்தில் மப்ளர் என்னத்துக்கு என்று பார்த்தால், அவர் வாயைத் திறந்ததும் வெறும் காற்றுதான் வந்தது. முந்தின நாள் ஏதோ ஒரு காலேஜ் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வெயிலில் கத்தியதில் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. கடற்கரையில் ஆடிக்காற்று என்றால் கேட்கவே வேண்டாம், புடவைத் தலைப்பைப் பிடிப்பதா மணலைத் துப்புவதா என்று இருக்கும். அவர் கையைக் காட்டி என்னவோ சொன்னார். முன்னால் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

"இன்னா சொல்றாரு? ஒண்ணியும் கேக்கல" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "ஊமப் படம் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றார் இன்னொருவர்.

செக்ரட்டரி என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. "மேடம், நீங்க அவரு பக்கத்துல நின்னு, நம்ம டிரங்க் கால்ல சொல்ற மாதிரி எடுத்துச் சொல்லிடுங்களேன்."

"ஞாயித்துக்கெழமையும் டூட்டியா?" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் அப்போதுதான் வேனை விட்டு இறங்கிய கொழுந்தன் தூரத்திலிருந்து என் பக்கமாக வருவதைப் பார்த்ததும், சட்டென்று போய் அந்த மனிதரின் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

டிரங்க் காலில் சொல்வது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். லைன் மோசமான நாட்களில் இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்காது. நடுவில் இருக்கும் ஆபரேட்டருக்கு மட்டும் இரண்டு பக்கமும் கேட்கும். அப்போது நாங்கள் ஒவ்வொரு வரியாக எடுத்துச் சொல்லுவோம். அதற்கு ஒரு முறை உண்டு. "உங்க பிள்ளை சொல்றார்" என்றெல்லாம் இழுக்கக் கூடாது. பேசுகிறவரின் காசு ஓடிக்கொண்டிருக்கும். பெங்களூரிலிருந்து மகன், "நான் நாளைக்கு வண்டி ஏறுறேன், நீ அழாத" என்றால், நானும் அவன் அம்மாவிடம், "நான் நாளைக்கு வண்டி ஏறுறேன், நீ அழாத" என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, குரல் உடையக் கூடாது. முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு நான் "அப்பா போயிட்டாரு" என்று சொல்லியிருக்கிறேன், "பையன் பொறந்திருக்கான்" என்று சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்து அடுத்த வயரைச் சொருக வேண்டியதுதான்.

அப்படித்தான் அன்றைக்கும் ஆரம்பித்தேன். அவர் காதோரம் முணுமுணுப்பார், நான் காற்றுக்கு எதிராகக் குரலெடுத்துச் சொல்வேன்.

"நாம இப்ப ஒரு தெருவுல நிக்கிறோம். காலுக்குக் கீழ ரெண்டு ஆள் ஆழத்துல செங்கல் இருக்கு. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வீடு."

எல்லோரும் குனிந்து காலடியைப் பார்த்தார்கள். மணல்தான். ஒரு குழந்தை அதைத் தோண்ட ஆரம்பித்தது. தோண்டி எடுத்த இடங்களில் சிலவற்றை மூடாமல் கயிறு கட்டி விட்டிருந்தார்கள். ஒரு பள்ளத்தில், சுட்ட மண் வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய ஓர் உறைகிணறு. இன்னொன்றில் செங்கல் தொட்டி. கடல் தாண்டி வந்த சரக்கெல்லாம் ஆற்று முகத்துவாரத்தில் இறங்கி இங்கே வந்து சேர்ந்ததாம். அவர் பையிலிருந்து கூர்மையான அடிப்பாகம் கொண்ட ஓர் உடைந்த ஜாடித் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"இது மேனாட்டு ஜாடி. திராட்சை ரசம் வந்திருக்கு. இத நான் என் கையால தோண்டி எடுத்தேன். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல" என்று நான் சத்தமாகச் சொன்னேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "மேடம், எப்ப தோண்டினீங்க, சொல்லவே இல்லையே" என்றார் செக்ரட்டரி. அந்த மனிதரும் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த பிறகுதான், நான் சிரித்தே எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. யாரும் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்று சொல்ல வேண்டும். இல்லாத தெருவில் இல்லாத வீடுகளுக்கு நடுவே நடந்துகொண்டு, இது சமையல் கட்டு, இது படித்துறை என்று வீட்டுக்காரி மாதிரி காட்டிக்கொண்டு போனேன். எனக்கென்று ஒரு வீடு இருந்திருந்தால் அப்படித்தான் காட்டியிருப்பேன். கொழுந்தன் இதில் சேரவில்லை. முதலிலேயே, எங்கள் பேச்சு எட்டாத சவுக்குத் தோப்பு நிழலில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நடை முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறான் என நினைத்தேன்.

மணல்மேட்டிலிருந்து மேற்கே, கடலை விட்டு விலகி, சரளைக்கல் மேடு ஒன்றுக்குக் கூட்டிப்போனார். அந்த ஊர்க்காரர்களுக்கும் முந்தியவர்கள் செத்தவர்களை அங்கேதான் வைத்தார்களாம். ஒரு பள்ளத்தில், இடுப்புயரத்துக்கு ஒரு தாழி. வாய் லேசாக உடைந்திருந்தது. மற்றதையெல்லாம் மியூசியத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இது எடுத்தால் நொறுங்கிவிடும் என்று விட்டுவிட்டார்கள். அவர் பள்ளத்தில் இறங்கித் தாழிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். நான் மேலே, விளிம்பில் முட்டி போட்டு, காதை அவர் பக்கம் சாய்த்துக்கொண்டேன். பின்னால் நின்றவர்களுக்கு அவர் தலைகூடத் தெரிந்திருக்காது.

"சாவே வராத கெழடுங்கள உசுரோட உள்ள வெச்சுடுவாங்களாமே, நெசமா?" என்று கேட்டாள் ஒரு பெண்.

"இல்ல. அது கதை. வெளியில வெச்சு, சதை போனப்பறம் எலும்பைப் பொறுக்கி உள்ள வைப்பாங்க. கூடவே சின்னச் சின்னச் சட்டி, பாசிமணி, ஒரு கத்தி. சாப்பாடுகூட."

அவர் தாழியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டார். பிறகு முணுமுணுத்தார். நான் சொன்னேன்.

"ஆனா இந்தத் தாழியில எலும்பே இல்ல. சட்டி இருந்தது. மணி இருந்தது. ஆள் இல்ல."

கேள்வி கேட்ட பெண் கழுத்தை நீட்டித் தாழிக்குள் பார்த்தாள்.

"மண்ணு எலும்பைத் தின்னிருக்கலாம். இல்லன்னா, ஆளே கெடைக்காம போயிருக்கலாம். எதுன்னு நிச்சயமாச் சொல்ல முடியாது. எனக்கு ரெண்டாவதுதான் தோணுது. கடலுக்குப் போனவனோ, வழியில போனவனோ. வீட்டுல இருக்கறவங்க பாப்பாங்க, பாப்பாங்க. எத்தினி நாள் பாத்தாங்களோ. ஒரு நாள், அந்த வீட்டுப் பொம்பள சொல்லியிருப்பா. வேற யார் சொன்னாலும் எடுபடாது. அவதான் சொல்லணும்."

இதுவரை என் வாய் தானாக வேலை செய்துகொண்டிருந்தது. அடுத்து அவர் அந்தப் பெண்ணாகவே பேச ஆரம்பித்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, தாழியிடமே சொல்வதுபோல. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. வேலையில் நடுவில் நிறுத்துவது என்ற ஒன்று கிடையாது. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று தலையை நிமிர்த்தினேன். கடைசி வரிசையில், அப்போதுதான் மேடேறி வந்து, கொழுந்தன் நின்றிருந்தான்.

"பாத்தது போதும். இனிமே அவரு வரமாட்டாரு. மூடிடுங்க."

குரல் உடையவில்லை. எக்ஸ்சேஞ்சில் எப்படிச் சொல்வேனோ அப்படித்தான் வந்தது. ஆனால் சொல்லி முடித்த பிறகு அடுத்த வயரைச் சொருக முடியவில்லை. போனவர் வரமாட்டார் என்ற ஒரு வாக்கியத்தை அத்தனை வருஷத்தில் நான் வாயால் சொன்னதே இல்லை. மனசுக்குள்கூடச் சொல்லவில்லை, அந்த இடம் வரும்போது வேறு பக்கம் திரும்பிவிடுவேன். இப்போது ஊரான் பெண்டாட்டிகளுக்கும் அவர்கள் குழந்தைகளுக்கும் நடுவே என் குரலிலேயே அதைக் கேட்டேன். கேட்டதும் தெரிந்துவிட்டது. அவர் வரமாட்டார். அது எனக்கு எவ்வளவோ நாளாகத் தெரியும். அழுகை வரவில்லை, பயமாக இருந்தது.

பள்ளத்திலிருந்து அவர், தாழியின் மேல் வைக்கும் மூடுகல்லைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார். நான் அதையும் எடுத்துச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தபோது கொழுந்தனைக் காணவில்லை.

டிபன் பொட்டலத்தைப் பிரித்தபோதும் அவன் என் பக்கம் வரவில்லை. வேனில் டிரைவர் பக்கத்தில், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டான். மகாபலிபுரம் போகும் வழி முழுக்க எனக்கு ஒரே படபடப்பு. என் முகத்தைப் பார்த்தல்லவா கேட்டான், நானே சொல்லிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டிருப்பான். அமாவாசைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஐயரிடம் போவான், தர்ப்பை வாங்குவான், சொந்தபந்தம் வந்து இறங்கும். அது என் பேச்சில்லை என்று சொல்லிவிட வேண்டும். சொல்லலாம்தான். ஆனால் அது என் பேச்சில்லையா என்று எனக்கே நிச்சயமாக இல்லை. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாட்டேன் என்று சண்டை போடுவது? ஒருவேளை ஒத்துக்கொண்டுவிடலாம் என்று நினைத்தேன். ஒத்துக்கொண்டு, ஒருமுறை வாய்விட்டு அழுதுவிட்டு, அவர் குரல் வருமா என்று லைனில் காது வைத்துக் கேட்கும் இந்த வேலையை விட்டுவிடலாம். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு ஏனோ உடம்பு லேசானது.

மகாபலிபுரத்தில் எல்லோரும் கடற்கரைக் கோயில் பக்கம் போட்டோ எடுக்க ஓடினார்கள். அவனைத் தேடிப் போனேன். ஒரு பாறைக்குப் பின்னால், காற்றுப்படாத இடத்தில் குந்தியிருந்தான். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, துண்டால் வாயைப் பொத்தியிருந்தான். முதலில் இருமுகிறான் என்றுதான் நினைத்தேன்.

"இன்னாப்பா, இன்னா ஆச்சு?"

"சொல்லிட்டீங்களே அண்ணி" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இதுக்குத்தான வருஷா வருஷம் வந்து நின்ன? இப்ப ஒக்காந்து அழுதா?"

அவன் துண்டை எடுத்தான். மூக்கெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது, அவ்வளவு பெரிய ஆளுக்கு. "நீங்க ஒத்துக்குவீங்கன்னா வந்தேன்? மாட்டேன்னு சொல்லுவீங்கன்னுதான் வந்தேன். வூட்ல அத்தினி பேரும் போயிட்டான் போயிட்டான்னு சொல்லிகினு கீறாங்க. அம்மாகூட சாவறப்ப அத்தயே சொல்லிட்டுப் போச்சு. போயி கேட்டுகினு வாடாம்பாங்க. வருவேன். நீங்க ஒர்த்திதான் கண்டபடி திட்டுவீங்க. அவரு வருவாரு, எழுந்து போடாம்பீங்க. அத்தக் கேட்டுகினு பஸ் ஏறினா, ஒரு வருசத்துக்கு எனக்கு அண்ணன் கீறாருன்னு இருக்கும். இந்த வாட்டி பன்னெண்டு முடிஞ்சுபோச்சேன்னு பயந்துகினேதான் வந்தேன். அங்க வந்து நின்னா, என் மூஞ்சியப் பாத்து மூடிடுங்கன்றீங்க."

இத்தனை வருஷமும் உலகத்தில் நான் ஒருத்திதான் அவருக்காகக் காத்திருக்கிறேன் என்று எண்ணியிருந்தேன். என் எதிரே உட்கார்ந்து, காபி குடித்து, திட்டு வாங்கிக்கொண்டு இன்னொருத்தனும் காத்திருந்திருக்கிறான். அட மடையா, அதை ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? ஆளுக்கு ஒரு மூலையில் கிடந்து சாகாமல், இரண்டு பேருமாக உட்கார்ந்து பாதி நாளாவது அவரைப் பற்றிப் பேசியிருக்கலாமே. அவனை நாலு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது, தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. பெற்ற தாய் போனபோதுகூட இவன் இப்படி அழுது நான் பார்க்கவில்லை.

"உனக்குப் புத்தி கீதா இல்லையா?" என்றேன். "அது நான் சொன்னதில்ல. அந்த மியூசியக்காரரு சொன்னது. அவருக்குத் தொண்ட கட்டிப்போச்சு. பள்ளத்துல ஒக்காந்து அவரு சொல்லச் சொல்ல நான் எடுத்துச் சொன்னேன். வேணும்னா செக்ரட்டரியப் போய்க் கேளு. தோப்புல ஒக்காந்து பீடி குடிச்சா எப்படித் தெரியும்?"

அவன் என்னையே பார்த்தான். "அப்ப நீங்க சொல்லலியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்?"

"நெசமா அண்ணி?"

"டேய், அவரு வருவாரு. இப்ப இன்னான்ற?"

அவன் துண்டை உதறி முகத்தை அழுந்தத் துடைத்தான். மூச்சை இழுத்துவிட்டான். பிறகு எழுந்து, வேட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டே, ஒவ்வொரு வருஷமும் டம்ளரைக் கீழே வைத்ததும் வருமே, அந்தக் குரலில் ஆரம்பித்தான். "இல்ல அண்ணி, பன்னெண்டு வருசம் ஆயிடுச்சு. பெரியப்பா வூட்ல இன்னா பேசறாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாது. ஐயரு இன்னா சொல்றாருன்னா..."

"ஐயரும் நீயுமா சேந்து ஒங்க பெரியப்பாவுக்கு மொதல்ல பண்ணுங்க. எழுந்து போ."

"எழுந்துதான் நிக்கறேன்" என்றான். முகம் தெளிந்திருந்தது.

மண்டியில் மறுநாள் லோடு வருகிறது, வேனுக்குக் காத்திருக்க முடியாது என்று சொன்னான். பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்தேன். அதற்குமுன் நான் அவனை வழியனுப்பப் போனதே இல்லை. அவனுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. சங்குக் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தான், வழியில் ஒரு சோடா வாங்கிக் குடித்தான். மஞ்சள் பையில் எனக்காகக் கொண்டுவந்த வெள்ளரிப் பிஞ்சு இருந்தது. அதை என் கையில் கொடுத்தான். செங்கல்பட்டு பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான்.

"அடுத்த ஆடிக்கு வருவேன் அண்ணி. கேப்பேன்."

"வா. கேளு. ஒத வாங்கிகினு போ."

அவன் சிரித்தான். பஸ் திருப்பத்தில் திரும்பும்வரை கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே போனான். என் கணவர் இல்லை என்று அன்றைக்குக் காலையில்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லி அழ எனக்கு இருந்த ஒரே ஆள் அந்த பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான்.